இடது பக்கக் கதவு

எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் நடக்கும். அதில் அப்பா வரிசையாகப் பலருக்காக வேண்டிக்கொள்வார். நோயாளிகள், பிரயாணம் செய்கிறவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், வேலை தேடுகிற சித்தப்பா, எல்லோரும் வருவார்கள். கார் வாங்கிய பிறகு அந்தப் பட்டியலில் காரும் சேர்ந்துவிட்டது. சித்தப்பாவுக்குக் கிடைத்ததைவிட அதிக நேரம் காருக்குக் கிடைத்தது என்று அம்மா பிற்பாடு சொல்வதுண்டு.

நாங்கள் அப்போது செம்பாக்கத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. கார் வெள்ளி நிறம். ஷோரூமிலிருந்து புத்தம் புதிதாக வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்பா அதை ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கும், கல்யாண வீடுகளுக்கும், தவிர்க்க முடியாத சாவு வீடுகளுக்கும் மட்டும் எடுப்பார். மற்ற நாட்களில் போர்ட்டிகோவில் உறை போட்டு மூடியிருக்கும். அம்மா மேடவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறி வருவாள். வீட்டில் கார் தூங்குகிறது, தான் மட்டும் படிக்கட்டில் தொங்குகிறோமே என்கிற வருத்தம் அவளுக்கு உண்டு.

அதனால் அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்சும் எடுத்துவிட்டாள். ஆனால் அப்பா பக்கத்தில் இருந்தால்தான் ஓட்டலாம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் வாய் மூடாது. "கிளட்ச், கிளட்ச். பிரேக்ல கால் வை. அந்த ஆட்டோக்காரன் திரும்புவான் பாரு." எங்கள் கேட்டுக்குள் வண்டி நுழையும்போதுதான் அவருக்குப் படபடப்பு உச்சத்துக்குப் போகும். "லெஃப்ட்ல பாரு. லெஃப்ட்ல தூண் இருக்கு. தாழ்ப்பாள் வெளிய நீட்டிட்டு இருக்கு, லெஃப்ட்ல பாரு" என்று மூச்சு விடாமல் சொல்வார். ஜூனில் பள்ளி திறக்கும்போது அம்மா தனியாக வண்டியை எடுத்துப் போகலாமா என்பதை அவர் தீர்மானிப்பதாக இருந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "அது வரைக்கும் ஒரு கீறல் விழக்கூடாது. விழுந்துச்சுன்னா சாவி என் பாக்கெட்லதான் இருக்கும். அப்புறம் என்னைக் கேக்காத."

ஏப்ரல் கடைசியில் அப்பா திருநெல்வேலிக்குப் போனார். பெரியப்பா கட்டிய புது வீட்டுப் பிரதிஷ்டை. அம்மாவுக்குப் பள்ளியில் விடைத்தாள் திருத்தும் வேலை இருந்ததால் நாங்கள் போகவில்லை. செவ்வாய்க்கிழமை அப்பா ரயிலேறினார். புதன்கிழமை காலை அம்மா காரின் உறையை உருவினாள்.

என்னைப் பின் சீட்டில் உட்கார வைத்து, "அப்பாகிட்ட சொல்லக்கூடாது" என்றாள். நான் தலையாட்டினேன். அம்மா அன்று ஓட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். தண்ணி லாரி, ஷேர் ஆட்டோ, ரோட்டின் நடுவில் நின்று யோசிக்கிற மாடு, மேடவாக்கம் கூட்ரோட்டில் நான்கு பக்கமும் ஒரே சமயத்தில் புகுந்து வருகிற வண்டிகள் எல்லாவற்றையும் தாண்டிப் போனாள், தாண்டித் திரும்பி வந்தாள். வழியில் பாட்டுக்கூட முணுமுணுத்தாள். ஒரு வண்டியும் எங்களைத் தொடவில்லை, நாங்களும் யாரையும் தொடவில்லை. கடைசியில் எங்கள் வீட்டுக் கேட்டில் நுழையும்போது இடது பக்கம் கர்ரென்று ஒரு சத்தம் கேட்டது.

தாழ்ப்பாள்தான். முன் கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்திருந்தது. அம்மா இறங்கி அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றாள். அவள் அழவில்லை. ஆனால் முகத்தில், பரீட்சையில் எல்லாக் கணக்கும் சரியாகப் போட்டுவிட்டுக் கடைசிக் கூட்டலில் கோட்டை விட்ட பிள்ளையின் வாட்டம் இருந்தது.

டிங்கர் கடையில் கொடுத்தால் இரண்டு நாளில் சரியாகிவிடும். கேம்ப் ரோடு பக்கத்தில் தெரிந்த கடையே இருந்தது. சிக்கல் என்னவென்றால், அந்தக் கடைக்காரர் எங்கள் ஆலயத்துப் பாடகர் குழுவில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவர். இருவரும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்கிற அளவுக்குச் சிநேகம். வேறு கடைக்குப் போனாலும் அவருக்குச் சேதி போய்விடும் என்று அம்மா பயந்தாள். அதனால் கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தம்பிக்குப் போன் போட்டாள்.

மாமாவுக்குத் தெரியாத வேலை கிடையாது, முடித்த வேலைதான் கிடையாது. ஒருமுறை தன் பைக்கின் பெட்ரோல் டேங்குக்கு அவரே கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார். அந்தத் தகுதியில்தான் வந்து இறங்கினார். கையில் ஒரு வெள்ளி நிற ஸ்ப்ரே டப்பா, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள் நாலைந்து, ஒரு பாட்டில் தின்னர். "இது ஒரு மேட்டரே இல்லக்கா. அரை மணி நேர வேலை. அத்தான் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

அரை மணி நேர வேலை மூன்று நாள் நடந்தது. அம்மாவும் மாமாவும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டார்கள். முதல் நாள் சுற்றிலும் செய்தித்தாள் ஒட்டிவிட்டு, டப்பாவைக் கதவுக்கு வெகு பக்கத்தில் பிடித்து அழுத்தினார். கோடு உடனே மறைந்தது. அம்மா கையைக் கூப்பினாள். கூப்பிய கையை இறக்குவதற்குள் பெயிண்ட் வழியத் தொடங்கியது. மூன்று ஒழுக்கல், மூன்றும் வேறு வேறு நீளம். மாமா பதறிப்போய்ப் பனியன் துணியால் துடைத்தார். ஈரப் பெயிண்டைத் துடைக்கவே கூடாது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கோடு இருந்த இடத்தில் இப்போது உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அழுக்குத் திட்டு இருந்தது.

வியாழக்கிழமை, காய்ந்ததை சோப்புத் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் மெதுவாகத் தேய்த்தார்கள். இந்தத் தடவை மாமா ஓர் அடி தள்ளி நின்று அடித்தார். ஒழுகவில்லை. ஆனால் கை நின்ற இடமெல்லாம் கறுத்தும், கை ஓடிய இடமெல்லாம் வெளுத்தும், மழைக்கு முந்தைய வானம் மாதிரி மேகம் மேகமாக இருந்தது. அந்த மேகத்தைச் சமன் செய்யச் சுற்றிலும் கொஞ்சம் அடித்தார். அந்தக் கொஞ்சத்தைச் சமன் செய்ய இன்னும் கொஞ்சம். சாயங்காலத்துக்குள் உள்ளங்கை அகலம் சாப்பாட்டுத் தட்டு அகலமாகி, தட்டு பாதிக் கதவாகிவிட்டது. எதிர் வீட்டு ஆன்ட்டி மாடியில் துணி எடுக்க வந்தவள், "என்ன டீச்சர், காருக்கு ஃபேஷியலா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஏழு மணிக்குப் போன் வந்தது. அப்பா ஊரில் இல்லாத நாட்களில் ஜெபம் ஸ்பீக்கரில் நடக்கும். போனை மேசையில் வேதாகமத்தின் பக்கத்தில் வைத்து நாங்கள் மூவரும் சுற்றி உட்கார்ந்தோம். மாமாவின் பத்து விரலும் வெள்ளியாக மினுங்கின. நோயாளிகளும் பிரயாணிகளும் முடிந்ததும், "அந்த வாகனத்தையும் உம்முடைய செட்டைகளின் நிழலில் வைத்துக் காத்துக்கொள்ளும் ஆண்டவரே" என்று அப்பாவின் குரல் கேட்டது. மாமா ஆமென் சொல்லவில்லை. இருமினார்.

அன்று முதல் நான் தனியாக ஜெபிக்கத் தொடங்கினேன். அப்பாவின் கண்ணுக்குக் கதவு தெரியக்கூடாது, தெரிந்தாலும் அவருக்குக் கோபம் வரக்கூடாது, இதுதான் விண்ணப்பம். பதிலுக்கு ஒரு மாதம் ஐஸ்கிரீம் தின்ன மாட்டேன் என்றேன். ஏப்ரல் வெயிலில் ஒன்பது வயதுப் பிள்ளை அப்படிச் சொல்வது சாதாரணக் காரியமில்லை. அம்மா மறுபடியும் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஓட்டியதை நான் பார்த்துவிட்டேன் அல்லவா.

வெள்ளிக்கிழமை மாமாவுக்குக் கை வசப்பட்டுவிட்டது. கதவுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, நிற்காமல் நேராக ஓட்டி, கதவைத் தாண்டிய பிறகே விரலை எடுக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டார். மெல்லிசாக ஒரு தடவை அடித்துவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தார். பிறகு இன்னொரு தடவை. மாமா எதற்காகவும் பத்து நிமிஷம் காத்திருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பதினொரு மணிக்குள் கதவு ஒரே சீராக, பழைய பெயிண்டோடு சண்டை போடாமல் பளபளத்தது. "ஒரு மணி நேரம் யாரும் கிட்ட போகாதீங்க" என்று சொல்லிவிட்டு இருவரும் டீ குடிக்க உள்ளே போனார்கள்.

நான் கிட்டப் போனேன். காய்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான். ஒரே ஒரு விரல்தான்.

என் ஆட்காட்டி விரலின் ரேகை, ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போலக் கதவில் பதிந்தது. அம்மா வெளியே வந்து பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ பெயிண்ட் காயும் வரை அங்கேயே நின்றாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைக்குக் கிடைத்த உப்புத்தாளை எடுத்து அந்த ரேகையின் மேல் தேய்க்கத் தொடங்கினாள். மாமா, "அக்கா, அது ரஃப் பேப்பர், மெதுவா, மெதுவா" என்றார். என்மேல் வந்த கோபம், மாமாமேல் வந்த கோபம், தன்மேலேயே வந்த கோபம் எல்லாம் அந்தக் கையில் இருந்தது. மூன்று நாளாகக் கீறல் இருந்த இடத்தில்தான் தேய்த்திருந்தார்கள். என் விரல் அதற்கு நாலு அங்குலம் தள்ளிப் பட்டிருந்தது.

வெள்ளி போயிற்று. அதற்கடியில் இருந்த பூச்சும் போயிற்று. அதற்கும் கீழே இரும்பு தெரியும் என்று எதிர்பார்த்தோம். இரும்பு வரவில்லை. சிமெண்ட் பூசியது போல, வழவழவென்று சாம்பல் நிறத்தில் ஒன்று வந்தது.

"இது என்னடா?" என்றாள் அம்மா.

மாமா குனிந்து நகத்தால் சுரண்டினார். "பட்டி அக்கா. அடிபட்டு உள்ள போன இடத்தை நிரப்புறதுக்குப் பூசுவாங்க. பூசி, தேச்சு, மேல பெயிண்ட் அடிப்பாங்க."

"புது வண்டிக்குக் கம்பெனிலயே பூசுவாங்களோ?"

"பூச மாட்டாங்கக்கா." மாமா தன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நல்ல கை. சுத்தமா பண்ணியிருக்காங்க. பட்டி உள்ள இருக்குறது தெரியவே தெரியாது."

அம்மா கதவைப் பார்த்தாள். பிறகு திரும்பிக் கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்தாள். அதே உயரம். "போன செப்டம்பர்ல சர்வீஸ்னு சொல்லி நாலு நாள் வண்டி வீட்ல இல்ல" என்று மெதுவாகச் சொன்னாள். "அந்த வாரம் ஒரு காரணமும் இல்லாம அல்வா வாங்கிட்டு வந்தார்."

அம்மா கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்து முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. என் ஒரு விரலால் அம்மாவை அழ வைத்துவிட்டேன் என்று நான் நடுங்கிப்போனேன். தலைப்பை எடுத்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது உண்மைதான். ஆனால் முகத்தில் இருந்தது வேறு ஏதோ. என்னை இழுத்து மடியில் உட்கார வைத்து, வெள்ளி ஒட்டிய என் விரலைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

"கவலைப்படாதக்கா. ரெண்டு கோட் அடிச்சா மூடிடலாம்" என்றார் மாமா.

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

"அத்தான் பாப்பாருக்கா."

"பாக்கட்டும்."

அவ்வளவுதான். அம்மா கையைக் கழுவிக்கொண்டு மீன் குழம்பு வைக்கப் போய்விட்டாள். சாம்பல் நிறம் ஒரு பூரி அளவுக்குக் கதவில் தெரிந்தது. மூன்று நாள் பாடுபட்டுக் கரை எட்டிய நேரத்தில் ஏன் இப்படிக் கைவிடுகிறாள் என்று எனக்கு அழுகையாக வந்தது. அன்று சாயங்காலம் ஸ்பீக்கரில் அப்பா வாகனத்துக்காக வேண்டிக்கொண்டபோது, தெருவுக்கே கேட்கிற மாதிரி அம்மா ஆமென் சொன்னாள்.

சனிக்கிழமை விடிந்ததும் அம்மா காரை எடுத்தாள். எப்போதும் அப்பா தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில்தான் வருவார். அன்று நாங்கள் கிழக்குப் பக்க வாசலில், ஆட்டோக்களுக்கு நடுவில், அவருக்காகக் காத்திருந்தோம். பெட்டியும் கருப்பட்டிச் சிப்பமுமாக அப்பா வெளியே வந்தார். எங்கள் காரைப் பார்த்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அம்மாவைப் பார்த்தார். முகம் சிவந்தது. விறுவிறுவென்று வந்தவர், உள்ளே உட்காருவதற்காக இடது பக்கக் கதவின் கைப்பிடியில் கை வைத்தார்.

கை அங்கேயே நின்றுவிட்டது. நான் பின் சீட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஐஸ்கிரீமை ஆண்டவருக்கு மறுபடி ஒருமுறை ஞாபகப்படுத்தினேன். அம்மா நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஓர் ஆட்டோக்காரர், "இன்னா சார், ஏறிக்கினா நாங்க போவோம்ல" என்று குரல் கொடுத்தார். அப்பா கதவைத் திறந்து உட்கார்ந்தார். பெட்டியைப் பின்னால் வைக்கக்கூடத் தோன்றாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"ரயில்ல தூங்குனீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"ம்" என்றார் அப்பா.

சேலையூர் தாண்டியது, கேம்ப் ரோடு தாண்டியது, ராஜகீழ்ப்பாக்கம் தாண்டியது. கிளட்ச் என்றோ பிரேக் என்றோ ஒரு சொல் வரவில்லை. எங்கள் கேட்டுக்கு முன்னால் அம்மா வண்டியைத் திருப்பியபோது அப்பாவின் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. அம்மா இடதும் வலதும் பார்த்து, எதிலும் படாமல், நிதானமாக வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள். எனக்கோ சந்தோஷத்தில் மூச்சு முட்டியது. என் விண்ணப்பம் அப்படியே கேட்கப்பட்டுவிட்டது.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. ஆராதனையின் நடுவில், ஆண்டவரிடத்தில் பெற்ற நன்மையைச் சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து சாட்சி சொல்லலாம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த ஒருவர் சொன்னார். மகளுக்கு வேலை கிடைத்த ஓர் அம்மா சொன்னார். "வேறு யாராவது?" என்று போதகரான ஐயர் கேட்டார். நான் எழுந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுப்பதற்குள் மைக் என் கைக்கு வந்துவிட்டது. சின்னப் பிள்ளை எழுந்ததில் சபையாருக்கெல்லாம் பூரிப்பு.

"எங்க அம்மா கார கேட்ல இடிச்சிட்டாங்க" என்று ஆரம்பித்தேன். "மாமா பெயிண்ட் அடிச்சாங்க, அது ஒழுகிடுச்சு. அப்புறம் திட்டுத் திட்டா வந்துச்சு. நான் விரல் வச்சதால அம்மா தேச்சாங்க. அப்ப உள்ள இருந்து சாம்பல் கலர்ல பட்டி வந்துச்சு. புதுக் கார்ல பட்டி எப்படி வந்துச்சுன்னு யாருக்கும் தெரியல. அப்பா பாத்தா ரொம்பக் கோபப்படுவாங்கன்னு நான் ஜெபம் பண்ணேன். நேத்து அப்பா அந்தப் பட்டிய நல்லா பாத்தாங்க. ஒரு வார்த்தகூடத் திட்டல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, வரிசை வரிசையாகப் பரவி, பெண்கள் பக்கம் வந்து பெரிதாகிவிட்டது. ஐயர் முகத்தைப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அற்புதத்தைக் கேட்டால் ஜனங்களுக்குச் சந்தோஷம் பொங்குவது நியாயம்தானே என்று நினைத்துக்கொண்டேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பாடகர் குழுவில் நின்ற அப்பாவின் ஆமென் மட்டும் கடைசியாக, தனியாக வந்தது.

ஆராதனை முடிந்து அப்பா காரிடம் வந்தபோது, ஓட்டும் பக்கம் போகாமல் இடது பக்கம் போய் உட்கார்ந்தார். சாவியை அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டாள். ஓட்டும் பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

"நாளைக்குப் பேப்பர் திருத்தப் போறப்ப வண்டிய எடுத்துட்டுப் போ" என்றார் அப்பா.

"ஜூன்னு சொன்னீங்க."

"ஜூன் வரைக்கும் எதுக்கு பஸ்ல கிடந்து அல்லாடணும்?"

அம்மா அன்றும் பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்றைக்குமே கேட்டதாக எனக்குத் தெரியாது. அதைக் கேட்காமல் விட்டதில் எவ்வளவு கெட்டிக்காரத்தனமும் எவ்வளவு பிரியமும் இருந்தன என்பது, எனக்கே கல்யாணமாகி, நானும் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரயாணம் செய்யத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. அன்று பின் சீட்டில் இருந்த எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரே ஜெபத்துக்கு இரண்டு பலன் கிடைத்திருக்கிறது என்பதுதான்.

இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி, "அடுத்த மாசமும் நான் சாட்சி சொல்றேன்" என்றேன்.

"வேண்டாம்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கர்த்தர் இவ்வளவு செய்த பிறகும் இவர்களுக்கு ஏன் நன்றியே இல்லை என்று வீடு போய்ச் சேரும் வரை நான் மனம் வருந்திக்கொண்டு வந்தேன்.